அந்தக் கரையில் மதினி

பாதையின் இடது பக்கம் சரிந்து கீழே போகிறது, அதனால் பிள்ளையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள் வினோலியா, கீழே என்றால் எவ்வளவு கீழே என்று பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம் என்று இரும்பு கேட்டுக்குள் நுழையும்போதே தீர்மானித்திருந்தாள், பார்க்காமல் இருப்பதற்கு ஒரே வழி மரங்களைப் பார்ப்பது, மரங்களோ இன்றைக்குப் பார்க்க வருகிறவர்களுக்காகவே நிற்கிற மாதிரி நின்றன, பேரிக்காய் மரங்கள், இலை ஒன்றுகூட இல்லாமல் பூ, கிளை தெரியாமல் பூ, சோற்றை வடித்து அள்ளி வீசிய மாதிரி வெள்ளை வெள்ளையாக, காற்று வந்தால் உதிர்கிறது, உதிர்ந்து பிள்ளையின் உச்சியில் ஒட்டுகிறது, அந்த உச்சி, எலும்பு இன்னும் கூடாத இடம், மெல்லத் துடிக்கிற இடம், அங்கே போய் ஓர் இதழ், எடுத்துவிடலாமா, எடுக்க ஒரு கை வேண்டும், ஒரு கையை எடுத்தால் மற்றக் கையில் மட்டும் பிள்ளை இருப்பான், மற்றக் கை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். இருக்கட்டும் இதழ். இதழ் ஒன்றும் செய்யாது. செய்யப்போவது இதழ் இல்லை. நினைப்பு இப்படித்தான் வரும், கொசு மாதிரி, முதலில் ரீங்காரம் மட்டும், பிறகு எங்கேயோ உட்கார்ந்துவிட்டது என்று தெரியும், பிறகு படம்: அவளுடைய இரண்டு கைகளும் நீள்கின்றன, பிள்ளை ஆல்வின் அந்தரத்தில் இருக்கிறான், வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அவ்வளவுதான் படம். விழுவது வராது. விழுவதற்கு முன்னால் நின்றுவிடும், நின்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். பிள்ளையை இறுக்கினாள், அவன் சிணுங்கினான், இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினாள், தளர்த்தினால்.

"என்னடி வினோ, பொண்ணு பாக்க வந்தப்ப நடந்த மாதிரி அடி எண்ணி நடக்குற?" பிலோமி மதினி முன்னால் போய்த் திரும்பி நின்றாள். "இல்ல மதினி, வழுக்குது." "எங்க வழுக்குது, பூவா வழுக்குது? பிள்ளையக் குடுக்கணுமா?" "வேணாம்" என்று வினோலியா சொன்ன வேகத்தில் மதினி ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், பிலோமி மதினிக்குக் குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது, வினோலியாவின் புருஷன் ஜெரால்டுக்குப் பத்து வயது மூத்த அக்கா, அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், காலையில் ஒரு தடவையும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவையும் வந்து பிள்ளையின் தொடையை நிமிண்டிவிட்டுப் போகாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நல்லவள். நல்லவள் என்பதுதான் பயம், நல்லவர்களிடம் எதையும் சொல்ல முடியாது, சொன்னால் அவர்களுடைய முகம் மாறும், மாறின முகத்தைப் பிறகு திருப்பி வைக்க முடியாது. "நான் அந்தக் கரைக்குப் போறேன், நீ வரிசைல வா, சகாயத்துக்குப் பின்னால நில்லு" என்று சொல்லிவிட்டு மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைக்கு மேலே மரப்பாலத்தில் ஏறினாள், அவள் அடுத்த கரையில்தான் நிற்க வேண்டும், அது அவர்கள் வீட்டு உரிமை, ஊர் கொடுத்த மரியாதை, அவளுக்கு முன்னால் அவளுடைய அம்மா நின்றாள், ஜெரால்டின் அம்மா, சூசையம்மாள், வினோலியா வாழ்க்கைப்பட்டு மலைக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டவள், போட்டோவில் மட்டும் பார்த்த, கன்னம் ஒட்டிய, சிரிக்காத ஒரு முகம்.

சூசையம்மாள் பிடித்தாள். அமலி எறிந்தாள். ஊரில் யாரைக் கேட்டாலும் கதை இந்த இரண்டு வார்த்தைதான். ஜெரால்டு பிறப்பதற்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் மலை பெயர்ந்து ஒரு தெருவையே இழுத்துக்கொண்டு போனது, அமலி கைப்பிள்ளையோடு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள், நடுவில் சேறு ஆறாக ஓடுகிறது, அந்தப் பக்கம் சூசையம்மாள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அமலி பிள்ளையை எறிந்தாள், சூசையம்மாள் பிடித்தாள், அடுத்த நிமிஷம் அமலி நின்ற இடம் இல்லை. போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பேரி மரம் நட்டார்கள், சேறு ஓடின தடத்துக்குக் கல் பாவி ஓடையாக்கினார்கள், ஓடைத் தலைப்பில் ஒரு கல் நிறுத்தினார்கள், கல்லில் அமலி, நீட்டின இரண்டு கை, திண்டுக்கல்லில் இருந்து வந்த சிற்பி கைகளைத் தேவைக்கு மேல் பெரிதாக வெட்டிவிட்டுப் பிள்ளையை வெட்டாமல் போய்விட்டான், எறிந்த பிறகு உள்ள கை என்று சிலர் சொல்வார்கள், மறந்துவிட்டான் என்று சிலர் சொல்வார்கள். நினைவு நாள் ஐப்பசியில்தான் வர வேண்டும், ஆனால் ஐப்பசி மழையில் அங்கே போய் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை, அதனால் மரங்கள் பூக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், அது எப்போதும் தவக்காலத்தில் வந்து விழும், கோயில் பீடத்தில் ஒற்றைப் பூ வைக்க மாட்டார்கள், இங்கே தோட்டம் முழுக்கப் பூ. அன்றைக்கு, அந்த வருஷம் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் அமலியின் கரையில் வரிசையில் நின்று, ஓடைக்கு மேலாகப் பிள்ளையை நீட்டி, சூசையம்மாள் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளை கொடுக்கிறது என்று பேர். கொடுத்த பிள்ளை நோய் நொடி இல்லாமல் வளரும். சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். வேறு ஊரில் இருந்து வந்த மருமகளுக்கு இதைவிட எளிய வேலை எதைக் கொடுப்பார்கள், கையை நீட்டு, விடு, அவ்வளவுதான். கையை நீட்டு. விடு. எட்டு நாளாக அவள் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை.

வரிசைக்குப் பக்கத்தில் தாசு அண்ணன் பெரிய அலுமினியக் கேனில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எறியப்பட்ட பிள்ளை அவர்தான், கிறிஸ்துதாசு, இப்போது ஜீப் ஓட்டுகிறார், தொப்பை விழுந்துவிட்டது, பெண்கள் போகிற போக்கில் அவருடைய தோளைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார்கள், அவரும் பழகிப்போய்த் தோளைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். "தங்கச்சி, டீ குடி, உன் வீட்டுக்காரன் அங்க சேர் தூக்குறேன்னு நடிச்சிட்டு இருக்கான்." "வேணாம்ணே, கையில பிள்ளை." "யார்ட்டயாவது குடுத்துட்டுக் குடிம்மா." "இல்லண்ணே." "என்னண்ணே, அப்படி எறிஞ்சாங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று முன்னால் நின்ற சகாயம் கேட்டாள், ஆறாவது பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு கைமுறுக்கு தின்னுகிறவள். "ஏன் இல்லாம, காத்துல போறப்ப கீழ பாத்தேன், நம்ம ஊரு சின்னதா தெரிஞ்சிச்சு" என்றார் தாசு அண்ணன், எல்லாரும் சிரித்தார்கள், இதே பதிலுக்கு எல்லா வருஷமும் சிரிப்பார்கள் போல, வினோலியாவும் வாயை அகட்டினாள், அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வழுக்கை தொடங்கின தலை, அதுவும் ஒரு காலத்தில் துடித்த உச்சி, அதை ஒருத்தி காற்றில் விட்டாள், விட்டவளுக்குக் கல் வைத்திருக்கிறார்கள், பூ வைக்கிறார்கள். இவளுக்கு என்ன வைப்பார்கள்? அமலி எறிந்தது பிழைக்கட்டும் என்று. சரி. ஆனால் கைக்கு அது எப்படித் தெரிந்தது, எறிவதற்கு முந்தின கணத்தில் அந்தக் கை என்ன நினைத்தது, அப்படி எறிகிற கையும் இப்படி எறிகிற கையும் வெளியே பார்க்க ஒன்றுதானே.

கைக்குப் பழக்கம் இருக்கிறது, அதுதான் விஷயம், அவளுடைய கைக்குப் பழக்கம் இருக்கிறது. கீழே கான்வென்டில் த்ரோபால் கேப்டன், நீல டிவைடட் ஸ்கர்ட், இரட்டைச் சடை, மாவட்ட அளவில் கப். பந்து கைக்கு வந்தால் மூன்று எண்ணுவதற்குள் விட வேண்டும், பிடித்து வைத்திருந்தால் ஃபவுல், பி.டி. மிஸ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எண்ணுவார்கள், ஒன், டூ, விடு, ஏய் வினோலியா, கட்டிப்பிடிச்சுட்டு நிக்காத, அது உன் பிள்ளையா? அப்போது எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அந்த எடை, அந்த உருண்டை, கை தானாக எண்ணத் தொடங்கியது, ஒன், டூ, அங்கேதான் முதல் தடவை படம் வந்தது, ஜன்னல் திறந்திருந்தது, வெளியே வேப்பமரம், அவள் பிள்ளையை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள், பாத்ரூம் போகணும் சிஸ்டர் என்றாள். மலைக்கு வந்த பிறகு தினமும். வீட்டின் பின்கதவைத் திறந்தால் நாலு எட்டில் பள்ளத்தாக்கு, அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்து அரிசி மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டாள், எலி வருது மதினி என்றாள். அரிவாள்மனை பரண்மேல். குளிப்பாட்ட வெந்நீர் வைத்தால் தொட்டுப் பார்க்கிறாள், தொட்டுப் பார்க்கிறாள், அது ஆறிப்போய்ப் பிள்ளை குளிரில் நடுங்குகிறான். ஜெரால்டிடம் சொல்ல வாயெடுத்தாள் ஒரு நாள், ஏங்க எனக்கு என்னவோ பயமா இருக்கு, அவன் பூண்டு லோடு ஏற்றிவிட்டு வந்த களைப்பில் கண்ணை மூடியபடியே, உனக்குத் தூக்கம் இல்ல வினோ, அதான், தூங்கு எல்லாம் சரியாயிடும் என்றான், சொல்லி முடிக்கும்போதே தூங்கியும் விட்டான். நல்லவன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள், கெட்ட நினைப்பு வருது சாமி, சாமியார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, கல்யாணம் ஆன பொண்ணுதானேம்மா, புருஷன் பக்கம் மனசைத் திருப்பு என்று மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் கொடுத்து அனுப்பினார், அவளுக்கு அந்தத் திரைக்குப் பின்னால் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. மறைக்கல்வி வகுப்பில் பெனிட்டா சிஸ்டர் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்து, வாசலில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, நினைப்புதான் முதலில் கதவைத் தட்டும், நினைத்தவள் பாதி செய்தவள் என்று சொல்வார்கள். அப்படியானால் அவள் பாதி செய்துவிட்டாள். தினமும் பாதி செய்கிறாள். எத்தனை பாதி சேர்ந்தால் முழுசு?

யாரிடமாவது சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள். அம்மா வீட்டுத் தெருவில் அப்படி ஒருத்தி, பிள்ளை பெற்ற பிறகு சுவரோடு பேசுகிறாள் என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் புருஷன் வீட்டார் தூக்கிப் போனார்கள், பால் கட்டிக்கொண்டு அவள் அலறினது மூன்று வீடு தள்ளிக் கேட்டது, ஏர்வாடிக்குக் கொண்டுபோங்க என்றார்கள், பேய் என்றார்கள். சொன்னால் அவர்கள் எடுப்பார்கள். சொல்லாவிட்டால் கை எடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வரிசை நகர்ந்தது. முன்னால் ஒருத்தி பிள்ளையை நீட்டினாள், பட்டுப்பாவாடையில் பொதிந்த ஒரு பெண்குழந்தை, மதினி அந்தக் கரையில் இருந்து வாங்கி, அதன் நெற்றியில் சிலுவை போட்டு, "வந்தாச்சு" என்றாள், எல்லாரும் "வந்தாச்சு" என்றார்கள், அது பாலத்தின் வழியாக அப்பாவிடம் போனது. நீட்டு, விடு, வந்தாச்சு. எவ்வளவு சுலபம். ஓடை ஒரு பெரிய எட்டு அகலம்தான், கீழே இடுப்பளவு ஆழம், அடியில் கல், கல்லின்மேல் பூ, அவ்வளவு பூ விழுந்து கிடக்கிறதே, மெத்தை மாதிரி, விழுந்தால்கூட, இல்லை, அடியில் கல், பூவுக்கு அடியில் கல் இருப்பது அவளுக்குத் தெரியும். ஏன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறாய், யார் பார்க்கச் சொன்னது, மற்றவர்கள் பார்க்கவில்லையே, சகாயம் பார்க்கவில்லையே, சகாயம் முறுக்குக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மடியை அவிழ்த்து, சந்தையில் கத்தரிக்காய் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஆறாவது பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள், "பிடி பிலோமி, இதோட நிறுத்திட்டேன்னு மாதாட்ட சொல்லிரு." "போன வருஷமும் இதத்தான சொன்ன!" வந்தாச்சு. வந்தாச்சு. சகாயம் நகர்ந்தாள். முன்னால் யாரும் இல்லை.

ஓடை விளிம்பில் நின்றாள். ஊர் பார்க்கிறது, பிடித்தவளுடைய மருமகள், இந்த வருஷத்துக்கே இதுதானே பெரிய கொடுப்பு, பாட்டுக்காரர்கள்கூடத் தாளத்தை நிறுத்திவிட்டார்கள், எங்கேயோ ஜெரால்டு சேரை வைத்துவிட்டுத் தலையை உயர்த்திப் பார்ப்பான். பக்கத்தில் அந்தக் கல், அந்தப் பெரிய கைகள், யாரோ இரண்டு கைக்கும் நடுவில் பூ வைத்திருக்கிறார்கள், பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில். திரும்பிப் போய்விடலாம். பாத்ரூம் போகணும் என்று சொல்லலாம். அவளுக்கு முன்னாலேயே கைகள் கிளம்பிவிட்டன, நீண்டன, பிள்ளையின் கனம் மணிக்கட்டுக்கு வந்தது, படம், அதே படம், அந்தரம், ஆல்வினின் வாய் திறந்திருந்தது, ஆனால் இந்த முறை கொட்டாவி. ஒன். எதிரே மதினியின் கைகள் வந்து பிள்ளையின் கக்கத்துக்குக் கீழே புகுந்தன, வளையல் குளிர்ச்சிக்கு அவன் நெளிந்தான். டூ. "விடு" என்றாள் மதினி. மூன்று. கண்ணை மூடிக்கொண்டாள். விசில் ஊதவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது பிள்ளை அங்கேயே இருந்தான், ஓடைக்கு மேலே, நான்கு கைகளில்.

"விடுடி, நான் பிடிச்சிட்டேன்."

"சரி மதினி."

"சரிங்குற, விட மாட்டேங்குற."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வினோலியா விரல்களிடம் சொன்னாள், விடு, இதைத்தானே இவ்வளவு நாள் கேட்டாய், விடு. விரல்கள் அசையவில்லை. நகங்கள் வெளுத்திருந்தன. அப்போது வாய் திறந்தது, அவள் திறக்கவில்லை, அதுவே திறந்தது, மதினிக்கு மட்டும் கேட்கிற குரலில், "என் கை இவன எறிஞ்சிரும் மதினி. தினமும் வருது. எனக்கே தெரியுது. இவன என்கிட்ட இருந்து வாங்கிருங்க."

மதினியின் முகம் மாறியது. அது மாறும் என்று தெரியும். சிரிப்பு போய், அந்த இடத்தில் ஒரு பயம் வந்து, அதுவும் போய், பிறகு போட்டோவில் இருக்கிற, கன்னம் ஒட்டிய முகம்.

"அரிசி மூட்டை" என்றாள் மதினி மெதுவாக. "எலின்னு சொன்ன."

"எலி இல்ல."

மதினி தலையை உயர்த்தி வரிசையைப் பார்த்துக் கத்தினாள், "ஏ, கொஞ்சம் பொறுங்கடி, பய என் சேலையில ஒண்ணுக்குப் போயிட்டான்!" ஊர் சிரித்தது, பாட்டுக்காரர்கள் அடுத்த பாட்டை எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் பிள்ளையைப் பிடித்த பிடி விடாமலே மதினி ஒரு காலைத் தூக்கி ஓடைக்கு இந்தப் பக்கம் வைத்தாள், அந்தக் கரையில் நிற்கிறவள் கொடுப்பு முடியும் முன்னால் அமலியின் கரைக்கு வருவதே கிடையாது, "பிலோமி, தாண்டக் கூடாதுடி!" என்று யாரோ பதறினார்கள், "தாண்டியாச்சு" என்றாள் மதினி, மறு காலும் வந்துவிட்டது. இரண்டு பேருமாகப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே, திருவிழாச் சப்பரம் தூக்குகிறவர்கள் மாதிரி, கல்லுக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் மதினி தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கங்க மதினி."

"நீ எங்க குடுத்த? பாரு உன் விரல."

வினோலியா பார்த்தாள். அவை இன்னும் அதே மாதிரி, நண்டு மாதிரி, பிள்ளையின் இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு.

"எங்கம்மா சாகுற வரைக்கும் ஒண்ண சொல்லிட்டே இருப்பா" என்றாள் மதினி, ஓடையைப் பார்த்துக்கொண்டு, கதை சொல்கிற குரலாக இல்லை, மறந்துபோன சாமானைத் தேடுகிற குரலாக இருந்தது. "அவ எறியலடி, எறியவே இல்ல, எட்டுற தூரம்தான், நீட்டிட்டு விட மாட்டேன்னுட்டா, நான்தான் அவ விரல ஒவ்வொண்ணா பிரிச்சேன், மண்ணு இழுக்குது, அவ புள்ளைய விடல, நான் பிரிச்சேன் அப்படிம்பா. யாரும் காதுல வாங்கல. ஊருக்கு எறிஞ்சதுதான் பிடிச்சிருந்துச்சு. கல்லும் வெட்டிட்டாங்க. நானும் எறிஞ்சான்னுதான் சொல்லிட்டுத் திரியிறேன்."

வினோலியாவுக்கு இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனசுக்குள் ஏற்கெனவே இருக்கிற படங்களோடு இதுவும் ஒன்றாக வந்து நின்றது, சேறு பூசின விரல்கள், ஒன்று ஒன்றாக. ஆறுதல் என்று சொல்ல முடியாது. கல்லில் இருந்த கைகளைப் பார்த்தாள், பின்பக்கம் இருந்து பார்த்தால் அவை விட்ட கைகளாக இல்லை, பறிகொடுத்த கைகளாக இருந்தன.

"எனக்குப் பைத்தியமா மதினி?"

"எனக்கென்ன தெரியும், நான் எட்டாவது. நாளைக்குக் கீழ போயி டாக்டரம்மாவப் பாப்போம். அதுவரைக்கும் நான் உன் பக்கத்துல படுத்துக்குறேன், ஜெரால்டு ஹால்ல கிடக்கட்டும். குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"இவன எடுத்துருவாங்களா?"

"எவ எடுப்பா? வரச் சொல்லு."

பாட்டு முடிகிற மாதிரி இருந்தது, வரிசையில் சலசலப்பு, இன்னும் நாலு பேர் பிள்ளையோடு நிற்கிறார்கள், மதினி போக வேண்டும், ஆனால் போகவில்லை. காற்று வந்தது. மரம் ஒரு தடவை உதறிக்கொண்டது, மூன்று பேர்மேலும் வெள்ளையாக விழுந்தது. ஆல்வினின் உச்சியில் அந்தப் பழைய இதழ் அப்படியே ஒட்டியிருந்தது, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டு. ரீங்காரம் தொடங்கியது, அவளுக்குத் தெரிந்தது, எங்கேயோ உட்காரப் போகிறது.

"மதினி. வருது."

"வரட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

கைகள் நீண்டன, பிள்ளை அந்தரத்தில் நின்றான், வாய் திறந்தது, எல்லாம் வந்தது, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. அது நிற்கும்போதே வினோலியா வலது கையைப் பிள்ளையிடம் இருந்து எடுத்தாள், கட்டைவிரல், பிறகு மற்றவை, தானே பிரித்து எடுத்து, ஒற்றை நகத்தால் அந்த இதழை உச்சியில் இருந்து நீக்கினாள். மற்றக் கை பிடித்துக்கொண்டிருந்தது.